சாண்டியாகோவில் நாங்கள் இருவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "சிலி நாட்டுத் தாமிரச் சுரங்கக் கட்டுமானங்கள் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றுதான் கேட்டார். நான்தான் தலைப்பை மாற்றிக் கேட்டு வாங்கினேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் வெளிநாடு போய் வந்தவர்கள் பேசுகிறார்கள். எந்தத் தேர்வு எழுதணும், சம்பளம் எவ்வளவு, விசா எப்படி என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கூடவே போன மனைவியோ கணவரோ, இவர் ஆபீஸ் போன பிறகு காலை எட்டு மணியிலிருந்து அங்கே என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். என் துணைவியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டும் இருக்கிறார். (சிரிப்பு)

நான் 2010-ல் இங்கே சிவில் முடித்தவன். அவர் 2012-ல் எலக்ட்ரானிக்ஸ். உடனே வேறு மாதிரி நினைக்க வேண்டாம். ஜாதகம் பார்த்துப் பெரியவர்கள் செய்து வைத்த கல்யாணம்தான். ஒரே கல்லூரி என்பதே பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜி சாப்பிடும்போதுதான் தெரிந்தது. 2017 ஜூனில் என் நிறுவனம் என்னைச் சிலி நாட்டின் தலைநகரான சாண்டியாகோவுக்கு அனுப்பியது. சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் நல்ல வேலையில் இருந்த அவர், அதை விட்டுவிட்டு என்னோடு வந்தார். 2023 மார்ச்சில் திரும்பினோம். இடைப்பட்ட ஐந்தே முக்கால் வருடத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 4,300 கிலோமீட்டருக்கு ஒரு நீள மிளகாய் மாதிரி கிடக்கிற நாடு சிலி. சாண்டியாகோ நடுவில். 1541-ல் ஸ்பானியர் நிறுவிய ஊர். இன்றைக்குச் சுமார் 70 லட்சம் பேர் வாழ்கிறார்கள். கிழக்கே ஆண்டீஸ் மலை சுவர் மாதிரி நிற்கும். மழை பெய்து புகை கழுவப்பட்ட மறுநாள் பார்த்தால், 5,400 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சிகரம் கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். வழி கேட்டால் அங்கே பலரும் கிழக்கு மேற்கு சொல்வதில்லை. "மலைப்பக்கம் போ", "கடல்பக்கம் போ" என்பார்கள். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் அதுதான் திசை.

திசை என்றதும் நினைவு வருகிறது. வீடு பார்த்துவிட்டோம் என்று சொன்னவுடன் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்பதுதான். தென் அட்சம் 33 பாகையில் இருக்கிற ஊரில் நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும். வடக்கு ஜன்னல் வைத்த வீட்டில் குளிர்காலத்தில் வெயில் வரும், அதனால் அதற்குக் கிராக்கி அதிகம். தெற்கு பார்த்த வீடு ஐஸ்பெட்டி. ஜூன், ஜூலையில் குளிர், ஜனவரியில் கோடை. தைப் பொங்கலன்று 30 டிகிரி வெயிலில் ஒன்பதாவது மாடிச் சமையலறையில் வியர்க்க வியர்க்கப் பால் பொங்க வைப்போம். நமக்குச் சூரியன் வடக்கே திரும்பி நெருங்கி வருகிற காலம் அது. அவர்களுக்கோ விலகிப் போகிற காலம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாப்புச்சே மக்கள் தங்கள் புத்தாண்டை ஜூன் கடைசி வாரத்தில், அவர்களுடைய குளிர்காலத்தில் சூரியன் திரும்பும் நாளையொட்டிக் கொண்டாடுகிறார்கள். நம் பாட்டன்மார் பார்த்த அதே சூரியக் கணக்கை அவர்கள் வேறு மாதத்தில் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

அடுத்தது பெயர் பிரச்சினை. அங்கே எந்தப் படிவத்திலும் அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. நமக்கு இருப்பதோ ஒரு இனிஷியல். அதை விரித்தால் அப்பா பெயர். ஆக, எனக்கு வந்த கடிதமெல்லாம் என் அப்பாவுக்கு வந்தது. வங்கியில் "செஞ்ஞோர்" என்று சொல்லி அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஹாஸ்டலில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடிதடி ஆகும். அங்கே அதுதான் மரியாதை! (சிரிப்பு) அம்மா கட்டம் கடைசி வரை காலியாகவே இருந்தது. ஒரு விஷயம் மட்டும் வசதி. கல்யாணம் ஆனாலும் அங்கே பெண்கள் பெயர் மாற்றுவதில்லை. என் துணைவியாருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர். ஏன் வேறு வேறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெயரைவிட முக்கியம் எண். 'ரூட்' என்பார்கள். நம்ம பான், ஆதார் இரண்டையும் சேர்த்த மாதிரி. வாடகை ஒப்பந்தத்திலிருந்து மருந்துக் கடை வரை எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. பதினொன்றால் வகுத்து மீதியிலிருந்து கணக்கிடுவது. பத்து வந்தால் ஒரு இலக்கத்தில் எழுத முடியாதல்லவா, அதற்குப் பதில் 'கே' என்று போடுவார்கள். கம்ப்யூட்டர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் எண் கிடைத்தது. ஆனால் விசா ஒன்றல்ல. எனக்கு ஒப்பந்தத்தின் பேரில் வேலை விசா. அவருக்குத் துணை விசா. அன்றைய விதிப்படி, துணையாக வந்தவர் சம்பளம் வாங்கும் எந்த வேலையும் செய்யக்கூடாது.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன். முதல் நாள் எனக்குக் கிடைத்தவை: ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெல்மெட், மதியம் சாப்பிடக் கூட்டிப்போக இரண்டு சக ஊழியர்கள், ஆங்கிலம் தெரிந்த ஒரு மேலாளர். திட்டம் என்ன, யாரைக் கேட்கணும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகணும் எல்லாம் தயாராக இருந்தது. அவருக்குக் கிடைத்தவை: ஒரு கதவு, ஒரு சாவி, நான்கு பர்னர் அடுப்பு, ஜன்னல் வழியே ஒரு மலை. எனக்கு ஊர் கட்டி முடித்துக் கொடுக்கப்பட்டது. அவர் தனக்கான ஊரை அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

நான் வடிவமைத்தது தாமிரத் தாது கொண்டுபோகும் கன்வேயர்களைத் தாங்கும் இரும்புக் கட்டமைப்புகளை. உலகிலேயே அதிகம் தாமிரம் எடுக்கும் நாடு சிலி. சுரங்கங்கள் பெரும்பாலும் வடக்கே அட்டகாமா பாலைவனப் பக்கம். அங்கே ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு என்பது பரவலான முறை. பணியிடத்தைப் பார்வையிடப் போனால் நானும் ஒரு வாரம் வீட்டில் இருக்க மாட்டேன். 2017 ஜூலை 15 சனிக்கிழமை அப்படித்தான் வடக்கே இருந்தேன். சாண்டியாகோ நகருக்குள் அவ்வளவு பனி பெய்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மேல் விழுந்து பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. எங்கள் கட்டடத்திலும் போனது. ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் இருபது சொல். நான் போன் செய்தபோது அவர் சொன்னது இதுதான்: "என்னங்க, வெளியில ஒரே வெள்ளையா இருக்கு. கரண்ட் இல்ல. ஆனா பயப்படாதீங்க, பக்கத்து வீட்டம்மா வந்திருக்காங்க. ரப்பர் பையில சுடுதண்ணி ஊத்திக் குடுத்து, மடியில வெச்சுக்கோன்னு சைகை காட்டறாங்க." அந்தப் பைக்கு 'குவாத்தேரோ' என்று பெயர். அவருடைய இருபத்தொன்றாவது சொல் அதுதான்.

எங்கள் பேட்டைக்குப் பெயர் ஞுஞோவா. ஆங்கிலம் படித்தவர்கள் அதை எப்படிச் சொல்வதென்று தடுமாறுவார்கள். நமக்கு 'ஞ' இருப்பதால் கவலையில்லை. அவர்களுடைய 'த'வும் நம்ம 'த'தான். இன்னொன்று, சின்ன 'ர', பெரிய 'ற' வித்தியாசம் அங்கே உயிர்நாடி. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்று அழுத்தினால் நாய். ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது பசிபிக் கரையில் பயன்பட்டது.

வாரத்தில் குறிப்பிட்ட நாள் காலையில் எங்கள் பக்கத்துத் தெருவில் சந்தை கூடும். 'ஃபேரியா' என்பார்கள். நம்ம வாரச்சந்தையேதான். கூடாரம், தராசு, கூவல், எல்லாம் உண்டு. மதியத்துக்குமேல் தெருவைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். என் துணைவியாருக்குப் பள்ளிக்கூடம் அதுதான். ஆளுயரப் பூசணியை ரம்பத்தால் அறுத்துத் துண்டு போட்டு விற்பார்கள். சாம்பாருக்கு அந்தத் துண்டு போதும். கொத்தமல்லி உண்டு, பச்சை மிளகாய் உண்டு, கொண்டைக்கடலை உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய் கிடையாது. புளி கிடைப்பது அரிது. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா, அன்னாசி இவையெல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து நம்ம ஊர்க் காய் கனியானவை. "நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்தவங்களோட பிறந்த வீட்டுக்கு வந்திருக்கோம்" என்று அவர் சொல்வார்.

கடைகளில் சைவம் கேட்பது தனிக்கலை. 'கார்னே இல்லாமல்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள் என அகராதி சொல்கிறது. தட்டில் கோழி வரும். அவர்கள் பேச்சில் 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கோழி அந்தக் கணக்கில் வராது. கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அதை மனப்பாடமாக ஒப்பிக்க ஒரு மாதம் ஆனது. மாலைச் சாப்பாடு மட்டும் எங்களுக்குப் பொருந்தியது. சாயங்காலம் தேநீர், ரொட்டி, மசித்த வெண்ணெய்ப்பழம். அதற்கு 'ஓன்சே' என்று பெயர், அதாவது பதினொன்று. ஆறு மணிக்குச் சாப்பிடுவதற்குப் பதினொன்று என்று பெயர் வைத்த ஊரில் நேரத்தைப் பற்றி அதிகம் கேட்கக்கூடாது. (சிரிப்பு)

சந்தையில் தெரிந்த வாடிக்கைக்காரரைக் 'கசேரா' என்று கூப்பிடுவார்கள், ஆணென்றால் 'கசேரோ'. வாங்குபவரும் விற்பவரை அப்படியே அழைப்பார். கொசுறுக்கு 'யாப்பா' என்று பெயர். கெச்சுவா மொழிச் சொல். காய்கறிக்கார அம்மா ஒருவர் ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள், ஒரு பிடி கொத்தமல்லியைப் பையில் திணித்து, "யாப்பா, கசேரிட்டா" என்றாராம். அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி அதுதான். ஆபீஸில் எனக்கு அன்று ஒரு பெரிய வரைபடம் ஒப்புதல் ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லாமல் காபி போட்டேன்.

இதெல்லாம் சுகமான பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 குளிர்காலம் கஷ்டமாக இருந்தது. காலை இருட்டு, மாலை இருட்டு, வீட்டுக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர், நகரம் முழுக்கப் புகைமூட்டம். இரவு எட்டு மணிக்குத்தான் ஊரில் விடியற்காலை ஐந்தரை, அப்போதுதான் வீட்டாரோடு பேசலாம். பகல் முழுக்கப் பேச ஆளில்லை. ஒருநாள் ராத்திரி அவர் நிதானமாகச் சொன்னார்: "இந்த ஊர்ல நான் யாருன்னு கேட்டா உங்க பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கு. நாலு வருஷம் சம்பாதிச்சேன், அது எங்கே போச்சுன்னே தெரியல." அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

உட்கார்ந்து பேசினோம். அவர் மட்டும் சென்னை திரும்பி வேலையில் சேர்வது, இருவரும் திரும்புவது, இருவரும் இருப்பது என்று மூன்று வழியையும் காகிதத்தில் எழுதினோம். ஒப்பந்த விசாவில் இரண்டு ஆண்டு முடிந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுச் செய்யலாம், அது வந்தால் அவரும் வேலை பார்க்கலாம் என்று விதியில் இருந்தது. அதுவரை இருப்பது, அந்தக் காலத்தை மொழிக்குச் செலவிடுவது, வந்த பிறகு மறுபடி பேசுவது என்று முடிவெடுத்தார். முடிவு அவருடையது. எங்களுக்குத் தெரிந்த இந்தியக் குடும்பங்களில் சில, ஒப்பந்தம் முடியும் முன்பே ஊர் திரும்பின. வேலை பிடிக்காமல் போனவர் அதில் ஒருவரும் இல்லை. வீட்டில் இருந்தவரால் இருக்க முடியவில்லை.

மொழிக்கு அவர் இரண்டு இடம் கண்டுபிடித்தார். ஒன்று, மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள்ளேயே இருக்கும் சின்ன நூலகங்கள். பிப்லியோமெட்ரோ என்பார்கள், 1996-லிருந்து நடக்கிறது. உறுப்பினராகிக் குழந்தைப் புத்தகத்தில் தொடங்கி நாவல் வரை வந்தார். இன்னொன்று, தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இலவச ஸ்பானிஷ் வகுப்பு. அந்த ஆண்டுகளில் ஹைட்டி நாட்டிலிருந்து நிறையப் பேர் பிழைக்க வந்திருந்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் ஹைட்டிப் பெண்கள், வீட்டு வேலை, கடைத் துப்புரவு செய்பவர்கள். அவர்களில் ஒருவர் 2010 ஜனவரி 12 பூகம்பத்தில் வீட்டையும் தம்பியையும் இழந்தவர்.

அன்று இரவு என் துணைவியார் என்னைக் கேட்டார்: "சிலியிலயும் அதே வருஷம்தானே பூகம்பம் வந்துச்சு? இங்க ஏன் அவ்வளவு பேர் சாகல?" கேள்வி நம் துறைக் கேள்வி. ஹைட்டியில் வந்தது 7.0 அளவு. சிலியில் 2010 பிப்ரவரி 27-ல் வந்தது 8.8, வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு அதிகம். ஹைட்டியில் மாண்டவர்கள் பல்லாயிரம். சிலியில் ஐந்நூற்றுச் சொச்சம், அதிலும் பலர் கடல்கோளில் இறந்தவர்கள். ஆழமும் தூரமும் வேறுதான். ஆனாலும் முக்கியக் காரணம் கட்டடம். 1960-ல் 9.5 அளவில் வால்டிவியா பூகம்பத்தைக் கண்ட நாடு சிலி. கருவியால் அளக்கப்பட்டவற்றில் உலகிலேயே பெரியது அதுதான். அடிபட்டுக் கற்று, அடுக்குமாடியில் கனமான கான்கிரீட் சுவர்களைத் தாராளமாக வைக்கிறார்கள், விதியையும் கடைப்பிடிக்கிறார்கள். லேசாக ஆடினால் மேலே தொங்கும் விளக்கைப் பார்ப்பார்கள், "நடுக்கம்தான், பூகம்பம் இல்லை" என்பார்கள், சாப்பாட்டைத் தொடர்வார்கள். நான் இதையெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணோட தம்பி செத்தது பூமியால இல்ல, வீட்டால" என்றார். பூகம்ப விதிநூலை வைத்து நான் பல வருடம் கணக்குப் போட்டிருக்கிறேன். அதன் பொருளை அப்படி ஒரு வாக்கியத்தில் கேட்டது அன்றுதான்.

2019 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. மெட்ரோ கட்டணம் நெரிசல் நேரத்தில் 30 பெசோ உயர்ந்ததை எதிர்த்து மாணவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கியது, அன்று நகரம் முழுக்கப் பற்றியது. ரயில் நிறுத்தப்பட்டது. நான் ஆபீஸிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தேன். மறுநாள் ஊரடங்கு. மாலையானால் ஜன்னல்தோறும் சட்டி, வாணலி, கரண்டி தட்டும் சத்தம். அந்த நாட்டில் எதிர்ப்பைச் சொல்லும் வழி அது. ஆபீஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு நிலவரத்தை விளக்கியவர் வீட்டில் இருந்தவர்தான். பக்கத்து வீட்டம்மா ஓய்வூதியம் எவ்வளவு வாங்குகிறார், மருந்துக்கு எவ்வளவு போகிறது, 1981 முதல் ஓய்வூதியம் தனிநபர் சேமிப்புக் கணக்காகத் தனியார் நிறுவனங்கள் கையில் இருப்பதால் குறைந்த கூலிக்காரருக்கு முதுமையில் என்ன மிஞ்சுகிறது என்று சந்தையிலும் மாடிப்படியிலும் கேட்டதையெல்லாம் சொன்னார். "இது முப்பது பெசோ விஷயம் இல்லீங்க, முப்பது வருஷ விஷயம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். ஊர் யாருக்குப் புரிந்திருந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் கணினியில் அனுமதிச்சீட்டு எடுத்துக் கடைக்குப் போகலாம். 2020 ஆகஸ்டில் அவருடைய அம்மாச்சி காலமானார். இந்தியாவுக்கு வழக்கமான விமானங்கள் இல்லை, சிலியின் எல்லையும் மூடியிருந்தது. இறுதிச் சடங்கைக் கைபேசித் திரையில் பார்த்தார். பக்கத்து வீட்டம்மா கதவுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு ரொட்டியும் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டார். தூர தேசத்தில் வாழ்வதன் விலை என்ன என்று கேட்கும் மாணவர்கள் சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2021 தொடக்கத்தில் நிரந்தர வசிப்புரிமை வந்தது. இரண்டே மாதத்தில் அவர் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். நேர்முகம் முழுக்க ஸ்பானிஷில். "உங்க ஸ்பானிஷ் எங்கே படிச்சது?" என்று கேட்டதற்கு, "ஃபேரியாவில்" என்றாராம். சிரித்துவிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் என்னை இந்தியாவுக்கு மாற்ற நிறுவனம் முன்வந்தது. அவருடைய திட்டம் 2023 பிப்ரவரியில் முடிவதாக இருந்தது. ஆறு மாதம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். அவர் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் பெட்டி கட்டினோம்.

மாணவச் செல்வங்களே, வெளிநாடு போகும் நாள் உங்களில் பலருக்கு வரும். நாங்கள் கண்டறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன் மொழி வகுப்பில் இரண்டு பேரும் சேருங்கள். வீட்டில் இருக்கப் போகிறவருக்குத்தான் அது முதலில் தேவை. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இங்கேயே அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். இந்தியா 2005-லும் சிலி 2016-லும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. துணையாக வருபவரின் சான்றிதழ்களைத்தான் வழக்கமாக ஊரில் பீரோவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். விதியைப் படியுங்கள். துணைக்கு வேலை செய்யும் உரிமை உண்டா, எப்போது வரும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள். விதிகள் மாறும், அந்தந்த ஆண்டின் விதியைப் பாருங்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கட்டும். சிலியில் ரூட் எண்ணையே கணக்கு எண்ணாகக் கொண்ட எளிய கணக்கு அரசு வங்கியில் உண்டு. தன் பெயரில் ஓர் அட்டை கையில் இருப்பதும் ஒரு முகவரிதான்.

நண்பர்களில் பலர் இன்று நிறுவனங்களில் ஆட்களை அனுப்பும் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஒருவரை அனுப்பும்போது இரண்டு பேரை அனுப்புகிறீர்கள் என்று கணக்கு வையுங்கள். மொழி வகுப்புக்கு ஒரு கட்டணம் கட்டுகிற இடத்தில் இரண்டு கட்டுங்கள். ஆள் பாதியில் திரும்பி வந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

சிவில் மாணவர்களுக்காக ஒன்று சொல்லி முடிக்கிறேன். சிலியில் கனரகத் தொழிற்சாலைக் கட்டமைப்புக்கு அடித்தளத்தில் ஆங்கர் போல்ட் வைக்கும்போது, அதை முழுக்கக் கான்கிரீட்டில் புதைப்பதில்லை. விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளமாவது வெளியே சுதந்திரமாக விடுவார்கள். பூமி ஆடும்போது அந்த நீளம் நீண்டு கொடுக்கும், போல்ட் அறாது. பிறகு பார்த்துச் சரிசெய்யலாம், மாற்றலாம். அந்த இடைவெளி விடாமல் இறுக்கிப் புதைத்தால் ஆட்டத்தில் பட்டென்று போய்விடும். இதைக் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

மாணவிகள் பலர் என் துணைவியாரிடம் பேச விரும்புவதாக இடைவேளையிலேயே சொன்னார்கள். தேநீர் நேரத்தில் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இருப்பார். விசா பற்றி என்னைக் கேளுங்கள். வாழ்க்கை பற்றி அவரைக் கேளுங்கள்.